போயிருந்தா, பார்த்திருப்பேன்

2019 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை இடைவேளைக்கு ஸ்டாஃப் ரூமுக்குப் போய் லாக்கரைத் திறந்து போனை எடுத்தேன். அண்ணனிடமிருந்து ஏழு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன். அப்பா போய்விட்டார். பக்கவாதம் வந்து பத்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். “தேறிட்டு வாறாரு, லீவை இப்பமே கழிச்சிராத, வீட்டுக்கு வந்தப்பொறவு வா” என்று அண்ணன் சொல்லியிருந்தான். நானும் டிக்கெட் போடாமல் இருந்துவிட்டேன்.

இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கிழக்கு மிட்லண்ட்ஸில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். என்னோடு வேலை பார்த்த ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் அம்மா ஒருவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு முடியவில்லை என்பது அவருக்குத் தெரியும். “அப்பா எப்படி இருக்கார், டக்?” என்று கேட்டார். அந்தப் பக்கத்து மனிதர்கள் பாசமாகக் கூப்பிடும் சொல் அது. எங்கள் நாஞ்சில் நாட்டில் ‘மக்ளே’ என்பதுபோல.

என் மனசில் இருந்தது ஒரே வாக்கியம்: ஊருக்குப் போயிருந்தா அப்பாவைப் பார்த்திருப்பேன். வாயிலிருந்து வந்தது இது: “இஃப் ஐ வென்ட் ஹோம், ஐ வுட் சீ ஹிம்.”

அவர் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “தென் கோ, டக். கோ அண்ட் சீ ஹிம்” என்றார். போய்ப் பார்த்துவிட்டு வா என்கிறார். மேனேஜரிடம் லீவுக்கு நானே பேசுகிறேன் என்று சொல்லிக் கதவைத் திறந்துகொண்டு நடந்தே விட்டார். நான் பின்னாலேயே ஓடி, வராந்தாவில் படுக்கை விரிப்பு அடுக்கியிருந்த டிராலி பக்கத்தில் அவரை நிறுத்தி, “ஹி இஸ் டெட்” என்றேன். அப்பாவின் சாவை நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்த மூன்று சொல்லில்தான். அதைவிட மெதுவாகச் சொல்ல எனக்கு அன்று மொழி இல்லை.

நான் இங்கிலிஷ் பரீட்சை பாஸானவள். நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய, மருத்துவத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கான ஓஇடி என்ற இங்கிலிஷ் பரீட்சை எழுதி, பேச்சில் பி கிரேடு வாங்கித்தான் விமானம் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் ‘இஃப் கிளாஸ்’ என்ற நிபந்தனை வாக்கியத்துக்கு வரும் ஒரு மார்க்கை நான் விட்டதே கிடையாது. மூன்று வகை, மூன்று கட்டம் போட்ட பட்டியல், கோடிட்ட இடத்தை நிரப்புக. அந்தக் கட்டங்கள் எல்லாம் தலைக்குள் இருந்தன. ஆனால் அதில் ஒன்றுகூட எனக்கு நடந்த எதையும் சொல்லப் பயன்பட்டதில்லை.

நான் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் ஆபத்தாகப் போனது. பிழையாக இருந்திருந்தால் அவர் ‘என்ன சொல்ல வருகிறாய்’ என்று கேட்டிருப்பார். ‘இஃப் ஐ வென்ட், ஐ வுட் சீ’ என்பது சரியான இங்கிலிஷ். ‘நான் போனால் பார்க்கலாம், ஆனால் போவது நடக்குமோ என்னவோ’ என்று பொருள். அதில் அப்பா உயிரோடு இருக்கிறார். போவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது ‘இஃப் ஐ ஹேட் கான், ஐ வுட் ஹேவ் சீன் ஹிம்.’ அந்த ‘ஹேட்’ வந்தால் கதவு சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம். போகவில்லை, பார்க்கவில்லை, இனி முடியாது. இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் இறங்கித் தோவாளைப் பக்கத்து எங்கள் வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே எல்லாம் முடித்துவிட்டிருந்தார்கள். வாசலில் பந்தல் மட்டும் இருந்தது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை: “நீ வந்திருந்தா மொகத்தையாவது பாத்திருப்பே மக்ளே.”

திரும்பி வரும் விமானத்தில் அந்த வாக்கியம்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. வந்திருந்தா, பாத்திருப்பே. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அம்மா நான்காம் வகுப்போடு நின்றவள். இங்கிலிஷ்காரர்கள் தேர்ட் கண்டிஷனல் என்று பெயர் வைத்திருப்பதை அவள் யாரும் சொல்லித்தராமல் சொல்கிறாள். நானும் பிறந்ததிலிருந்து சொல்கிறேன்.

பிரித்துப் பாருங்கள். ‘வந்து’ என்பதோடு ‘இருந்தா’ சேர்கிறது. ‘பார்த்து’ என்பதோடு ‘இருப்பேன்’ சேர்கிறது. இங்கிலிஷிலும் அதே இரண்டு துண்டுதான். இருந்தா என்ற இடத்தில் ‘ஹேட்’. இருப்பேன் என்ற இடத்தில் ‘வுட் ஹேவ்’. நாம் ‘இரு’ என்ற வினையைத் துணைக்குக் கூப்பிடுகிறோம், அவர்கள் ‘ஹேவ்’ என்பதைக் கூப்பிடுகிறார்கள். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ‘இருப்பேன்’ என்பது எதிர்கால வினை. ‘வுட்’ என்பதும் எதிர்காலத்துக்கு வரும் ‘வில்’ வழியில் வந்ததுதான். நடக்காமலே போன ஒன்றைச் சொல்ல இரண்டு மொழியும் வருங்காலச் சொல்லைத்தான் எடுக்கின்றன. இதை முதலில் கவனித்தபோது எனக்குக் கண் கலங்கியது, ஏன் என்று விளக்கத் தெரியவில்லை.

இதிலிருந்தே ஒரு பிழையும் திருத்திக்கொண்டேன். நம்மில் பலர் ‘இஃப் ஐ வுட் ஹேவ் கான்’ என்று இரண்டு பக்கமும் ‘வுட் ஹேவ்’ போடுவோம். அமெரிக்காவில் பேச்சுவாக்கில் அவர்களே அப்படிச் சொல்வதுண்டு, ஆனால் எழுதும்போது ஏற்கமாட்டார்கள். தமிழில் நீங்கள் ‘போயிருப்பேன்னா பார்த்திருப்பேன்’ என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். இருந்தா ஒரு பக்கம், இருப்பேன் மறுபக்கம். ‘-ஆ’ என்று முடியும் பக்கத்தில் ‘வுட்’ நுழையக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, ‘இல்லைன்னா’ விஷயம். நம் பேச்சில் எதிர்மறை வந்தால் அந்த ‘இரு’ காணாமல் போய்விடும். “நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது” என்போம். ‘சொல்லாம இருந்திருந்தா’ என்று இழுத்துச் சொல்கிறவர்கள் குறைவு. அதை அப்படியே மாற்றினால் ‘இஃப் யூ டிடின்ட் டெல் மீ’ என்று வரும். பழைய சங்கதி என்றால் அங்கே ‘ஹேடின்ட் டோல்ட்’ வேண்டும். ‘தெரிஞ்சிருக்காது’ என்ற பின்பாதியைப் பாருங்கள். அதில் ‘இருக்காது’ நிற்கிறது. பின்பாதியில் அது இருந்தால், முன்பாதியில் வாயால் சொல்லாவிட்டாலும் ‘ஹேட்’ உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து திரும்பிய முதல் ஷிஃப்டில் அந்த அம்மாவிடம் போய் வாக்கியத்தைச் சரியாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்த ‘ஹேட்’ என் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்த வேகத்தில் அதை எல்லா இடத்திலும் போட ஆரம்பித்தேன். அதனால் ஒரு நோயாளிக்குக் கெடுதல் வந்திருக்கும்.

2020 ஜனவரி. மெடிக்கல் அட்மிஷன் வார்டு, இரவு ஹேண்டோவர், அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரத்தை அடுத்த நர்ஸிடம் சொல்லும் நேரம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி கை வலியோடு வந்திருந்தார். வீட்டில் பாராசிட்டமால் சாப்பிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. மகளிடம் கேட்க வேண்டும் என்று நினைத்து, வேலை நெரிசலில் கேட்கவில்லை. வலி இன்னும் குறையவில்லை என்று மட்டும் பார்த்தேன். என் மனசில் இருந்த தமிழ்: “வீட்டுல மாத்திரை போட்டிருந்தா இந்நேரம் வலி கொறஞ்சிருக்கும்.” போட்டாரோ என்னவோ, கேட்டுப் பாருங்கள் என்ற பொருளில். புதிதாகப் பிடித்த சூத்திரத்தில் அப்படியே ஊற்றினேன்: “இஃப் ஷி ஹேட் டேக்கன் தி டேப்லெட்ஸ் அட் ஹோம், தி பெயின் வுட் ஹேவ் செட்டில்ட்.”

இரவு நர்ஸ் தலையாட்டினார். எழுதிக்கொண்டார். மருந்துச் சீட்டைப் பார்த்து 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டை எடுத்துக் குட்டிக் கப்பில் போட்டுக்கொண்டு போனார். பாட்டி கப்பைப் பார்த்துவிட்டு, “ஆம்புலன்ஸ் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதானே ரெண்டு போட்டேன்” என்று சொல்லியிருக்கிறார். ஒரு தடவை போட்டால் அடுத்ததற்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அவர் போட்டு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. பாட்டி தெளிவாக இருந்ததால் தப்பித்தோம். அவர் குழப்பத்தில் இருந்த நோயாளியாக இருந்தால் மாத்திரை உள்ளே போயிருக்கும். ஒரு தடவை பாராசிட்டமால் சீக்கிரம் போனதால் உயிர் போய்விடாது. ஆனால் அதே வாக்கியத்தை ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரினைப் பற்றியோ இன்சுலினைப் பற்றியோ நான் சொல்லியிருக்க முடியும்.

நான் கோட்டு மாட்டிக் கிளம்பும் நேரத்தில் இரவு நர்ஸ் என்னைத் தேடி வந்தார். கோபம் இல்லை, குழப்பம். “சாப்பிடலன்னு நீ சொன்னியே?” என்றார். “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்றேன். “இஃப் ஷி ஹேட், அப்படின்னு சொன்னே” என்றார். அந்த நிமிஷம் எனக்கு விளங்கியது.

நம்முடைய ‘போட்டிருந்தா’ இரண்டு வேலை பார்க்கும். போடவில்லை என்பது தெரிந்து, ‘போட்டிருந்தா குறைஞ்சிருக்கும்’ என்று வருத்தப்படவும் அதுதான். போட்டாரா இல்லையா என்பது தெரியாமல், ‘போட்டிருந்தா குறைஞ்சிருக்கும்’ என்று ஊகிக்கவும் அதுதான். எது என்பதைக் குரலும் சந்தர்ப்பமும் சொல்லிவிடும், நமக்குள் சண்டை வராது. “அவன் ஊருக்கு வந்திருந்தா போன் பண்ணியிருப்பான்” என்றால், வந்தானோ என்னவோ என்றும் எடுக்கலாம், வரவில்லை என்றும் எடுக்கலாம். இங்கிலிஷ் இதற்கு இரண்டு தனி வாசல் வைத்திருக்கிறது. தெரியாது என்றால் ‘இஃப் ஷி ஹேஸ் டேக்கன்’. இல்லை என்று தெரியும் என்றால் ‘இஃப் ஷி ஹேட் டேக்கன்’. ஹேஸ், ஹேட். ஒரு மெய்யெழுத்து வித்தியாசம்.

அன்றிலிருந்து நோயாளி விவரத்தைக் கைமாற்றும்போது ‘இஃப்’ போட்டுப் பேசுவதையே விட்டுவிட்டேன். தெரியாததைத் தெரியாது என்று நேராகச் சொல்வேன்: “வீட்டில் மாத்திரை போட்டாரா என்று எனக்குத் தெரியாது, மகளிடம் கேட்கவில்லை, கேட்டுவிட்டுக் கொடுங்கள்.” புதிதாக வருகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன். ‘இஃப்’ வாக்கியம் வருத்தத்துக்கும் மன்னிப்புக்கும் யோசனைக்கும் உரியது. மருந்துக் கணக்கில் அதற்கு இடம் இல்லை.

வருத்தம் சொல்ல எப்போதும் ‘இஃப்’ வேண்டும் என்பதும் இல்லை. ‘செய்திருக்கணும்’, ‘செய்திருக்கலாம்’ என்று பாதி வாக்கியத்திலேயே நாம் முடிப்போம். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதிலும் விழுந்திருக்கிறேன்.

ஒரு நோயாளியை இரவோடு இரவாக வேறு வார்டுக்கு மாற்றினோம். மகனுக்குப் போன் செய்ய வேண்டியது என் பொறுப்பு. மறந்துவிட்டேன். காலையில் பழைய படுக்கையில் வேறு யாரோ படுத்திருப்பதைப் பார்த்து அந்த மனிதர் வெலவெலத்துப் போனார். தாய் இறந்துவிட்டாள் என்றே நினைத்துவிட்டார். நான் ஓடிப்போய், “ஐ ஆம் சோ சாரி, ஐ மஸ்ட் ஹேவ் கால்ட் யூ” என்றேன். உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. “மஸ்ட் ஹேவ்? கூப்பிட்டீங்களா, இல்லையா?”

‘மஸ்ட் ஹேவ் கால்ட்’ என்றால் ‘கூப்பிட்டிருப்பேன், அநேகமாகக் கூப்பிட்டேன்’ என்று அர்த்தம். தவறை ஒப்புக்கொள்ள வந்தவள் தவறே நடக்கவில்லை என்று சாதிப்பதாக அவருக்குக் கேட்டிருக்கிறது. இது நம் பள்ளிக்கூடம் தந்த வினை. ‘வேண்டும் என்றால் மஸ்ட்’ என்று மனப்பாடம் செய்தோம். ‘போக வேண்டும், மஸ்ட் கோ’ என்பது சரிதான். ஆனால் நேற்றைய கடமையைப் பற்றிப் பேசும்போது ‘மஸ்ட்’ அந்தப் பொருளைத் தராது. செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பதற்கு ‘ஷுட் ஹேவ்’தான். ‘ஐ ஷுட் ஹேவ் கால்ட் யூ. ஐ டிடின்ட். ஐ ஆம் சாரி.’ இந்த மூன்று துண்டும் இதே வரிசையில் இப்போது என் வாயில் தயாராக இருக்கிறது.

‘-லாம்’ இன்னும் நுணுக்கமானது. “டாக்டர் சொல்லியிருக்கலாம்” என்றால் சொன்னாரோ என்னவோ என்றும் ஆகும், சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்ற குறையும் ஆகும். நான் எனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். ஊகமென்றால் ‘மே ஹேவ்’, வருத்தமென்றால் ‘குட் ஹேவ்’. இங்கிலிஷ்காரர்கள் இவ்வளவு கறாராக இருக்க மாட்டார்கள், அது அவர்கள் மொழி. நமக்கு வரம்பு இருப்பது நல்லது.

மன்னிப்பு கேட்டால் வேலைக்கு ஆபத்து என்று பயந்து, ‘ஷுட் ஹேவ்’ சொல்லாமல் மழுப்புகிற நர்ஸ்களை நிறையப் பார்க்கிறேன். நானும் அப்படி இருந்தேன். இங்கே சட்டம் வேறு மாதிரி. 2006ஆம் ஆண்டு காம்பன்சேஷன் சட்டத்தின் 2ஆம் பிரிவு, மன்னிப்புக் கேட்பது மட்டுமே அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று சொல்கிறது. நோயாளிக்குத் தீங்கு நடந்தால் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்பது 2014 முதல் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளின் சட்டக் கடமை. ‘டியூட்டி ஆஃப் கேண்டர்’ என்பார்கள். அந்தக் கடமை முழுவதும் ‘ஷுட் ஹேவ்’ என்ற இரண்டு சொல்லில்தான் நடக்கிறது.

2022இல் என் பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் ரிவேலிடேஷன். 450 மணி நேர வேலை, 35 மணி நேரப் படிப்பு, இவற்றோடு ஐந்து சம்பவங்களைப் பற்றி நாமே யோசித்து எழுதித் தர வேண்டும். இன்னொரு பதிவு பெற்ற நர்ஸோடு உட்கார்ந்து அதைப் பேசவும் வேண்டும். பலர் இதற்குக் கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த சுற்றை வைத்துக்கொள்வார்கள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், எது நல்லது எது கெட்டது, ஏன், வேறென்ன செய்திருக்கலாம், இனி என்ன செய்வாய். அந்த ‘வேறென்ன செய்திருக்கலாம்’ என்ற கட்டத்துக்கு வரும்போது நம் ஆட்கள் தடுக்கி நிற்பார்கள். அது முழுக்க இந்த இலக்கணம்.

நான் பாராசிட்டமால் சம்பவத்தைத்தான் எழுதினேன். ஒரு பக்கம். என்னோடு பேச உட்கார்ந்த மூத்த நர்ஸ் படித்துவிட்டு, பென்சிலை எடுத்து ‘இஃப்’ வரும் இடத்திலெல்லாம் அடுத்த சொல்லை வட்டமிட்டார். ‘இஃப் தி டாட்டர் ஹேட் டோல்ட் அஸ்.’ ‘இஃப் தி வார்டு ஹேடின்ட் பீன் ஷார்ட்.’ ‘இஃப் தி டாக்டர் ஹேட் ரிட்டன்.’ மகள், வார்டு, டாக்டர். மூன்று வட்டம். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. சொன்னது மூன்றும் உண்மையும்கூட. அன்று ஆள் குறைவுதான். ஆனால் எதிலும் ‘ஐ’ இல்லை.

நான்காவதாக ஒன்று எழுதச் சொன்னார். ‘இஃப் ஐ ஹேட் ஆஸ்க்ட் தி டாட்டர், ஐ வுட் ஹேவ் நோன்.’ நான் மகளிடம் கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எழுதத் துணிவதற்கு நேரம் ஆனது. ஆள் குறைவு என்பதை அவர் அடிக்கச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது அங்கேயே இருக்கட்டும், நீயும் அங்கே இரு என்றார்.

எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் உண்டு. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிற பெண்கள் சிலர் எதற்கெடுத்தாலும் ‘எல்லாம் என் தப்பு’ என்று எழுதிவிடுவார்கள். வாக்கியத்தில் வேறு யாருமே இருக்க மாட்டார்கள். அதுவும் உண்மை இல்லை. நான் அவர்களிடம் சொல்வது, ‘இஃப்’ பக்கத்தில் நீங்கள் நிஜமாகவே செய்யக்கூடியதாக இருந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள் என்பது. ‘இஃப் ஐ ஹேட் நோன் எவ்ரிதிங்’ என்று எழுதினால் அதில் கற்க ஒன்றும் கிடைக்காது.

காதுக்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். எழுத்தில் நிமிர்ந்து நிற்கும் ‘ஹேட்’, ‘வுட் ஹேவ்’ இரண்டும் பேச்சில் கரைந்துபோகும். ‘இஃப் ஐட் நோன், ஐடவ் கம்’ என்பார்கள். இரண்டுமே ‘ஐட்’. முதலாவது ‘ஐ ஹேட்’, இரண்டாவது ‘ஐ வுட்’. பின்னால் நோன், கான், சீன் போன்ற சொல் வந்தால் ‘ஹேட்’. பின்னால் ‘அவ்’ என்று ஒரு மெல்லிய ஒலி கேட்டால் ‘வுட் ஹேவ்’. அந்த ‘அவ்’ ‘ஆஃப்’ மாதிரி கேட்பதால் ‘வுட் ஆஃப்’ என்று இங்கே பிறந்து வளர்ந்தவர்களே எழுதுவதைப் பார்க்கலாம், அது பிழை. நான் பஸ்ஸில் போகும்போது மனசுக்குள் அம்மா பாணியில் ஒரு தமிழ் வாக்கியம் போட்டுக்கொள்வேன். ‘குடை எடுத்திருந்தா நனைஞ்சிருக்க மாட்டேன்.’ ‘முந்தின பஸ்ஸைப் பிடிச்சிருந்தா டீ குடிச்சிருக்கலாம்.’ உடனே இங்கிலிஷில், வேகமாக, கரைத்துச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாளைக்கு மூன்று போதும். அன்றைக்கு நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். புத்தகத்தில் வரும் ‘வேகமாக ஓடியிருந்தால் ரயிலைப் பிடித்திருப்பான்’ மனசில் ஒட்டவே ஒட்டாது, ஏனென்றால் அந்த ரயில் நம்முடையது இல்லை.

இந்தப் பழக்கத்துக்குப் பலன் ஸ்ட்ரோக் வார்டுக்கு மாறிய பிறகு கிடைத்தது. அங்கே நோயாளியின் வீட்டார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான், அது இந்த உருவத்தில்தான் வரும். கணவனுக்குப் பேச்சுப் போய்விட்ட ஒரு பெண்மணி, படுக்கைத் திரையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “இஃப் ஐட் ரங் சூனர், வுட் ஹி ஸ்டில் பி டாக்கிங்?” சீக்கிரம் போன் செய்திருந்தால் இப்போது பேசிக்கொண்டிருப்பாரா? முன்பாதி அன்றைக்கு, பின்பாதி இன்றைக்கு. நாம் ‘அன்னைக்குப் போயிருந்தா இன்னைக்கு இந்தக் கனம் இருக்காது’ என்கிறோமே, அதே வார்ப்பு. அதனால் பின்பாதியில் ‘ஹேவ்’ இல்லை. இதை அரை நொடியில் புரிந்துகொள்ளாமல் நான் ‘சாரி?’ என்று மறுபடி கேட்டிருந்தால், அவர் அதை இரண்டாம் முறை சொல்லியிருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட கேள்விக்கு என் பதில் இப்போது இதுதான். தெரியாததை ஆறுதலுக்காக ‘இல்லை’ என்று சொல்வதில்லை. அது டாக்டர் சொல்ல வேண்டியது, அவரை வரச் சொல்கிறேன் என்பேன். அதோடு, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், எத்தனை மணிக்குப் போன் செய்தீர்கள் என்று கேட்பேன். அந்தப் பெண்மணி கணவன் கையிலிருந்து ஸ்பூன் விழுந்த ஆறு நிமிஷத்துக்குள் ஆம்புலன்ஸுக்கு 999ஐக் கூப்பிட்டிருந்தார். “ஆறு நிமிஷம்” என்று நான் திருப்பிச் சொன்னேன். அவர் திரையிலிருந்து கையை எடுத்தார்.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் “கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்” என்று சொல்வது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. நாகர்கோவிலில் பயிற்சி காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னவர்கள் முகம் நினைவில்லை, கேட்டவர்கள் சிலரின் முகம் நினைவிருக்கிறது. உண்மையாகவே இருந்தாலும், சாவு நடந்த அன்றைக்கு யாரும் கேட்காமல் அதைச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அப்பாவைச் சேர்த்த அன்று அம்மாவிடமும் யாரோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அதை இரண்டு வருஷத்துக்கு மேல் என்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அந்தப் பெண்மணியைப் பார்த்த அன்று ஷிஃப்ட் முடிந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அன்றைக்கு நடந்ததை மணி மணியாகக் கேட்டேன். ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் படுத்தார். காலை ஐந்து மணிக்கு எழுப்பினபோது வலது கை தூக்க முடியவில்லை. ஐந்தரைக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

“அம்மா, ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எப்ப வந்துதுன்னு தெரியலன்னா, கடைசியா நல்லா இருந்த நேரத்துலேருந்து கணக்கு எடுப்பாங்க. ஒம்பதரைலேருந்து எண்ணினா, நீ அப்பாவை எழுப்பறதுக்கு முன்னாடியே அந்த நேரம் முடிஞ்சிட்டு. தூக்கத்துல வந்தது. அந்த ஆஸ்பத்திரில இருந்த வசதிக்கு, நீ எவ்வளவு வேகமாக் கொண்டு போயிருந்தாலும் அந்த ஊசியைப் போட்டிருக்க மாட்டாங்க.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் கோழி கத்துவது கேட்டது.

“அப்பம் நான் தாமசமாக்கல்லியா மக்ளே?”

“இல்லம்மா. நீ அரை மணி நேரத்துல கொண்டு போயிட்டே.”